பிளஸ் 1 குரூப்: பாஸ் ஆவது ஒரு கணக்கு, கட்-ஆஃப் வேறு கணக்கு

பத்தாம் வகுப்பு முடிவு வெளியானதும் திருவண்ணாமலை ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலைத் தெருக்களில் ஒரே பேச்சுதான்: எந்த குரூப்? கேட்டுப் பார்த்து நிதானமாக முடிவெடுக்க நேரம் கிடைப்பதில்லை. பெயர் பெற்ற பள்ளிகளில் முதல் குரூப் இடங்கள்தான் முதலில் நிரம்புகின்றன. இந்த நெருக்கடியில் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களைப் படித்தால் இரண்டு குழப்பங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பிளஸ் 1 பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள் என்றால், அந்த ஓராண்டுப் படிப்புக்கு என்ன மதிப்பு? 35 எடுத்தால் பாஸ் என்றால், பாஸ் ஆன பிள்ளைக்கு ஏன் கல்லூரி இடம் கிடைப்பதில்லை?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவதே சரி. பெரும்பாலான பெற்றோர் ஏமாறும் இடம் அதுதான்.

பிளஸ் 2-வில் ஆறு பாடங்கள், 600 மதிப்பெண். ஒவ்வொரு பாடத்திலும் 35 வேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது. அந்த 35 எப்படிச் சேர்கிறது என்பதைத்தான் பலர் பார்ப்பதில்லை. இயற்பியலை எடுத்துக்கொள்ளலாம். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 எடுக்க வேண்டும். மீதி 20-ஐச் செய்முறையும் அகமதிப்பீடும் தந்துவிட்டால் மாணவர் தேர்ச்சி. 70-க்கு 15 என்பது நூற்றுக்கு 22-கூட இல்லை. கணிதத்துக்குச் செய்முறை கிடையாது. எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. எழுத்தில் 25 வேண்டும். பள்ளிக்குள்ளிருந்து கிடைக்கும் உதவி பத்தே மதிப்பெண்தான் என்பதால், இயற்பியலில் கரையேறும் மாணவர் கணிதத்தில் தடுமாறுகிறார்.

இப்போது கட்-ஆஃப். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கு 1984 முதல் இருந்த நுழைவுத் தேர்வை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது செய்த நன்மை பெரிது; அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. அதன் பிறகு பிளஸ் 2 மதிப்பெண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கணித மதிப்பெண் முழுதாக 100-க்கு. இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு 50, 50. மொத்தம் 200. தமிழ், ஆங்கிலம், கணினி அறிவியல், உயிரியல் எதுவும் இந்த 200-க்குள் வராது.

ஒரு மாணவி கணிதத்தில் 70, இயற்பியலிலும் வேதியியலிலும் தலா 90 எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் சேர்ந்து 250. இன்னொரு மாணவி கணிதத்தில் 90, மற்ற இரண்டிலும் தலா 70. மொத்தம் 230. இருவருக்கும் கட்-ஆஃப் 160. சமநிலை வந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். ஆகவே 20 மதிப்பெண் குறைவாக எடுத்த மாணவிதான் தரவரிசையில் முன்னால் நிற்பார். பள்ளி வாசலில் வைக்கும் பாராட்டு பேனரில் முதல் மாணவியின் படம் வரும். கலந்தாய்வில் முதலில் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர் இரண்டாமவர். கணிதம் சுமாராக வரும் பிள்ளையைப் பத்தாம் வகுப்பு மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முதல் குரூப்பில் சேர்ப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த 200-க்குள் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. இயற்பியல், வேதியியல் இரண்டிலும் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்குமாகத் தலா 30. பாதியாக்கினால் 15, 15. கணித அகமதிப்பீடு 10. கூட்டினால் 40. அதாவது கட்-ஆஃபில் ஐந்தில் ஒரு பங்கு, பொதுத்தேர்வு விடைத்தாளைத் திருத்தும் மையத்துக்கே போவதில்லை. செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார் என்பது உண்மை. ஆனாலும் தேர்வு நடப்பது அதே பள்ளியின் ஆய்வகத்தில், அதே பள்ளி ஆசிரியர் உடனிருக்க. ஆய்வகம் பூட்டியே கிடக்கும் பள்ளிகளிலும் செய்முறை மதிப்பெண் குறைவதில்லை என்றால், அந்த மதிப்பெண் எதை அளக்கிறது என்று பெற்றோர் கேட்கத்தான் வேண்டும்.

கல்வித் துறை இதைத் 'தொடர் மதிப்பீடு' என்று விளக்குகிறது. மாணவரை ஒரே நாள் தேர்வால் எடைபோடக் கூடாது என்ற நோக்கம் நல்லது. நடைமுறையில் நடப்பதை எண்களே சொல்கின்றன. பொறியியலுக்கு விண்ணப்பிக்கப் பொதுப்பிரிவினர் மூன்று பாடங்களிலும் சராசரி 45 சதவீதமும், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 சதவீதமும் பெற்றிருந்தால் போதும். இயற்பியல், வேதியியல் எழுத்துத் தேர்வுகளில் தலா 70-க்கு 15 எடுத்த மாணவருக்குச் செய்முறை, அகமதிப்பீடு முழுதாகக் கிடைத்தால் இரண்டிலும் 45 வந்துவிடும். பொதுப்பிரிவு வரம்பைக்கூட அது தொட்டுவிடுகிறது. கணிதத்திலும் 45 எடுத்துவிட்டால் அவர் 'தகுதி பெற்றவர்'. முதலாண்டு பொறியியல் கணிதமும் இயற்பியலும் அவரை எப்படி வரவேற்கும் என்பதை அரியர் வைத்து மூன்றாம் ஆண்டிலும் முதலாண்டுத் தாள்களை எழுதும் மாணவர்களிடம் கேட்டால் தெரியும்.

'தேர்ச்சி சதவீதம்' என்ற சொல்லையும் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். 2025-இல் பிளஸ் 2 மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம். தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேர்ச்சி என்பதே அந்தக் கணக்கு. வராதவர்கள் அதில் இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் 2 மொழித்தாள் அன்று மாநிலம் முழுவதும் சுமார் 50,000 பேர் வரவில்லை. பள்ளிக்கே நீண்ட நாள் வராதவர்களுக்கும் ஹால் டிக்கெட் போயிருந்தது அப்போது வெளியே தெரிந்தது. 2024-இல் பிளஸ் 2 பட்டியலில் 90.47 சதவீதத்துடன் கடைசி இடம் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு. கடைசி இடம் என்ற பெயரைப் போக்க வேண்டிய அழுத்தம் கலெக்டர் அலுவலகத்தில் தொடங்கி தலைமை ஆசிரியர் வழியாக மாணவர் தலையில் இறங்குகிறது. "உனக்கு மேத்ஸ் வேண்டாம்பா, ஈஸியா பாஸ் ஆகிற குரூப் எடுத்துக்கோ" என்று சேர்க்கை நாளில் சொல்லப்படும் அறிவுரையில் அக்கறையும் இருக்கலாம், பள்ளியின் சதவீதமும் இருக்கலாம். எது எவ்வளவு என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. மாவட்ட வாரியாக எழுத்துத் தேர்வுச் சராசரியையும், பதினொன்றில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டை முடித்தார்கள் என்பதையும் துறை வெளியிட்டால் இந்தப் பேச்சுக்கு இடமே இருக்காது.

இந்த ஊருக்கு 1896 செப்டம்பர் 1 அன்று வந்து சேர்ந்த வேங்கடராமனுக்கு வயது 16. மதுரையில் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கட்டணத்துக்கு அண்ணன் வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர். பின்னாளில் அவர் ரமண மகரிஷி. அவருக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை. அவர் பெயரால் அமைந்த ஆசிரமத்தைச் சுற்றி ஆட்டோ ஓட்டியும் விடுதிகளில் வேலை பார்த்தும் பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அதே வயதில் கிடைக்கும் சான்றிதழ்தான் ஊரைத் தாண்டிப் போக ஒரே வழி. அதனால்தான் குரூப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

முதல் கேள்விக்கு வருவோம். பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. அதைத் தடுக்கத்தான் 2017-18 முதல் பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 1200 மதிப்பெண் 600 ஆனதும் அப்போதுதான். அடுத்த ஆண்டே, கல்லூரிச் சேர்க்கைக்குப் பிளஸ் 2 மதிப்பெண் மட்டும் போதும் என்று அரசு சொல்லிவிட்டது. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பொதுத்தேர்வையும் நீக்கியது. மன அழுத்தம் குறையும் என்பது அரசு தரும் காரணம். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகளைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் 2017-இல் நோய் என்று சொன்னது தானாகக் குணமாகிவிடவில்லை. நீட், ஜேஇஇ இரண்டிலும் பதினொன்றாம் வகுப்பிலிருந்தும் கேள்வி வருகிறது. கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை அதை வெளியே படித்துக்கொள்ளும். வகுப்பறையை மட்டும் நம்பும் பிள்ளைக்கு அந்த ஓராண்டு பறிபோகும். ஆகவே சேர்க்கையின்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை முழுதாக நடத்துவீர்களா?

கலைக் கல்லூரி எண்ணம் உள்ளவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பி.ஏ. தமிழுக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண், மற்றவற்றுக்கு மொழிகள் நீங்கலான நான்கு பாடங்களின் 400. பொறியியலில் கணக்கில் வராத தமிழ் மதிப்பெண்தான் பி.ஏ. தமிழ் வகுப்பில் இடம் வாங்கித் தருகிறது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள்.

பயோ-மேத்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா? மருத்துவமும் பொறியியலும் இரண்டும் மனதில் இருந்தால் பயோ-மேத்ஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் படிக்காதவர்களும் பொறியியலில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாம்.

7.5 சதவீத ஒதுக்கீடு? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. பிளஸ் 1-க்காக மட்டும் தனியாருக்கு மாற்றினாலும் அது போய்விடும்.

சிபிஎஸ்இ மாணவருக்குக் கட்-ஆஃபில் நஷ்டமா? ஒரு பாடத்தில் அந்த வாரியத்தின் முதல் மதிப்பெண் 90 என்றால் அதை 100 ஆக்கி, 60 எடுத்தவருக்கு 66.66 தருவார்கள், அங்கேயும் ஒருவர் 100 எடுத்துவிட்டால் மாற்றம் எதுவும் இல்லை.

வெளிமாநிலக் குடும்பம், பிளஸ் 1-இல் தமிழ் கட்டாயமா? 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரைதான். மேல்நிலையில் வேறு மொழி எடுக்கலாம், பள்ளியில் ஆசிரியர் இருந்தால். டிஎன்பிஎஸ்சி எழுதும் எண்ணம் இருந்தால் தமிழை விட வேண்டாம். தமிழ்த் தாளில் 40 சதவீதம் அங்கே கட்டாயம்.

சேர்ந்த பிறகு குரூப் மாற்றலாமா? இடமிருந்தால் தொடக்க வாரங்களில் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். மாணவர் பெயர்ப்பட்டியல் தேர்வுத் துறைக்குப் போன பிறகு மிகவும் கடினம். தயக்கம் இருந்தால் முதல் மாதத்திலேயே பேசிவிடுங்கள்.