மலிவான வாக்கி-டாக்கியும் அதில் பதிய வேண்டிய எண்களும்

குறைந்த விலையில் இருவழிக் கைவானொலி தேடுவோர் பெரும்பாலும் முதலில் காண்பது, சீனத்தின் பாவ்ஃபெங் நிறுவனம் 2012ஆம் ஆண்டு வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்த யூவி-5ஆர் கருவியையோ அதன் வழிவந்த வடிவங்களையோதான். வானொலியின் முக்கியச் சுற்றுகளை ஒரே சில்லுக்குள் அடக்கியது அதன் விலை சரிந்ததற்குப் பெரிய காரணம். அலை ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதைச் சொல்லும் அதிர்வெண் கணக்கில், 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 400 முதல் 480 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் அது கேட்கும், ஒலிபரப்பவும் செய்யும். இந்த அகன்ற எல்லையே சிக்கலுக்கும் வேர். பிறருக்கு ஒதுக்கப்பட்ட அலைகளும் அதற்குள் அடங்கியிருக்க, எதில் பேசக்கூடாது என்பதைக் கருவி தானாகத் தடுப்பதில்லை.

இந்தியாவில் உரிமமின்றிப் பேசும் வாக்கி-டாக்கிகளுக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய பட்டையே விடப்பட்டுள்ளது. யூவி-5ஆர் அந்தப் பட்டையிலும் இயங்கும் என்பதால் மட்டும் அது உரிமம் வேண்டாத கருவியாகிவிடாது. தேர்வெழுதி அழைப்புக்குறி பெற்ற ஹாம் வானொலியர்க்கே அது உரியது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமலே விற்பனை நடந்ததால்தான், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதத்தில் இணைய வணிகத் தளங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

கருவியின் விசைகளை அழுத்தியே 128 சேனல்களையும் பதியலாம் என்றாலும், அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆகவே பலரும் கணினியில் இயங்கும் சிர்ப் என்னும் இலவச மென்பொருளையே நாடுகின்றனர். இதற்கு வேண்டிய யூஎஸ்பி கேபிளில்தான் முதல் தடை எழுகிறது. மலிவான கேபிள்கள் பலவற்றில் போலிச் சில்லு இருப்பதால் விண்டோஸ் அதை ஏற்க மறுக்கும், கேபிள் முனை முழுதும் செருகப்படாவிட்டாலும் இணைப்பு கிட்டாது. இணைப்பு கிடைத்ததும் கருவியில் ஏற்கெனவே உள்ள பதிவை இறக்கி, அதன் நகலைத் தனியே சேமித்துவிட்டு, அந்த அட்டவணையிலேயே திருத்தங்களைச் செய்து திருப்பி ஏற்றுவதே முறை. வேறொருவரின் கோப்பை அப்படியே ஏற்றினால், உள்மென்பொருளின் பதிப்பு மாறுபட்டுக் கருவி முடங்கவும் கூடும்.

உயரத்தில் நின்று ஓர் அலையில் கேட்டதை மற்றோர் அலையில் மீண்டும் பரப்பும் ரிப்பீட்டருக்கு, அவ்விரு அலைகளுக்கும் இடையிலான விலகலையும் பதிய வேண்டும். ஹாம் வானொலியரின் இரண்டு மீட்டர் பட்டையில் இது வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ், அதாவது 145.600 மெகாஹெர்ட்ஸில் கேட்பவர் 145.000இல் பேசுவார். ரிப்பீட்டர் திறக்கப் பேச்சுடன் செல்லும் தாழ்ந்த ஒலியான டோன் எண்ணும் சில இடங்களில் தேவைப்படும். உரிமம் இன்னும் கைக்கு வராதவர், ஒவ்வொரு சேனலுக்கும் டூப்ளெக்ஸ் கட்டத்தில் ஆஃப் என்று குறித்துவிட்டால், பேசும் விசையைத் தவறி அழுத்தினாலும் அந்தச் சேனலில் அலை வெளியேறாது. அட்டவணையிலேயே மிகவும் பயனுள்ள கட்டம் இதுதான் எனலாம்.

விலைக்கேற்ற குறையும் உண்டு: வலுவான ஒலிபரப்புக் கோபுரங்கள் நிறைந்த நகரத்தில் இதன் வாங்கி திணறி, கேட்க வேண்டிய மெல்லிய குரலைத் தவறவிடும், அத்தகைய இடத்தில் நீண்ட ஆன்டெனாவை வாங்கிப் பொருத்துவது தொல்லையைக் கூட்டவும் செய்யலாம்.