சிலாங்கூர் ஆற்றுப் பள்ளத்தாக்கு: கட்டுரைக்கு நம் வாசலிலேயே ஓர் ஆறு



போன தவணையில் 'ஓர் ஆற்றின் அழகும் வரலாறும்' என்று ஒரு தலைப்புக் கொடுத்தேன். நான்காம் படிவ மாணவன் ஒருவன் ஐரோப்பாவின் ரைன் நதியைப் பற்றி எழுதியிருந்தான். மலைமேல் கோட்டைகள், திராட்சைத் தோட்டங்கள், சரக்குப் படகுகள் எல்லாம் இருந்தன. ஆனால், அவன் தினமும் பேருந்தில் சிலாங்கூர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கு வருகிறான். "நம்ம ஆத்தைப் பத்தி ஏம்பா எழுதல?" என்று கேட்டேன். "அதுல எழுத என்ன டீச்சர் இருக்கு?" என்றான்.

அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே உங்களுக்கும் தருகிறேன்.

மலையில் பிறந்து கடலில் சேரும் ஆறு

சிலாங்கூர் ஆறு தித்திவங்சா மலைத்தொடரில், பிரேசர் மலைப் பக்கம் பிறக்கிறது. கோல குபு பாரு வழியாக இறங்கி, தோட்டப்புறங்களைத் தாண்டி, கோல சிலாங்கூரில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. மலாய்மொழியில் 'கோல' என்றால் ஆற்றின் வாய், அதாவது முகத்துவாரம். இந்தப் பொருள் தெரிந்தால் ஊரின் வரலாறும் புரியும்.

ரைன் நதிக்கரைக் கோட்டைகளில் இருந்தவர்கள் படகுகளை மறித்துச் சுங்கம் வாங்கினார்கள். இங்கேயும் அதே கணக்குத்தான். உள்நாட்டில் தோண்டிய ஈயம் படகில்தான் வெளியே வரவேண்டும். முகத்துவாரத்தைப் பிடித்தவர் கையில் வியாபாரம். அதனால்தான் மெலாவாத்தி குன்றில் கோட்டை எழுந்தது. 1784இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்து, 'அல்திங்ஸ்பர்க்' என்று தங்கள் ஆளுநரின் பெயரை வைத்தார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் திரும்பப் பிடித்துவிட்டார். இன்று அந்தக் குன்றில் பழைய பீரங்கிகளும், 1907இல் கட்டிய கலங்கரை விளக்கமும், சுற்றுப்பயணிகளிடம் கடலை கேட்டு வரும் குரங்குகளும் இருக்கின்றன.

மேல்பகுதியில் வேறு கதை. 1883இல் கோல குபுவில் அணை உடைந்து ஊரையே வெள்ளம் அடித்தது. பிறகு ஈயச் சுரங்க மணல் ஆற்றை மேடாக்க, வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் ஊரையே மேட்டுப் பகுதிக்கு மாற்றினார்கள். 'பாரு' என்றால் புதியது. கோல குபு பாரு என்ற பெயரிலேயே அந்த வெள்ளம் இருக்கிறது.

நம்மவர்கள் எங்கே?

நடுப்பகுதிக்கு வாருங்கள். பத்தாங் பெர்ஜுந்தை, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஆற்றங்கரைக் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. வெட்டியவர்களிலும் பால் சீவியவர்களிலும் கங்காணிகளோடு கப்பலேறி வந்த தமிழர்கள் ஏராளம்.

ஹென்றி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தைத் தொடங்கினார். 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தையும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் அவரே உருவாக்கினார். அதன் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம்! மலேசியச் செம்பனைத் தொழிலின் பிறப்பிடம் ஒரு தமிழ்ப் பெயரைச் சுமக்கிறது. அவர் எழுதிய மலாயா நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அவர் தோட்டத்தில் உழைத்தவர்களின் கதைகளோ பெரும்பாலும் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிட்டன. தோட்டங்கள் விற்கப்பட்டு, லயங்கள் இடிந்து, சனங்கள் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். தாத்தா பாட்டியிடம் இப்போது கேட்காவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது.

இருட்டில் மின்னும் மரங்கள்

கம்போங் குவாந்தானில் இரவில் படகேறினால், ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைவதைப் பார்க்கலாம். அவற்றின் புழுக்கள் கரையோரச் சேற்றில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரையை வெட்டித் திருத்தினால் புழுவும் இல்லை, மின்மினியும் இல்லை.

நமக்கும் இந்த ஆறுதான் ஆதாரம். கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கு மேல் இங்கிருந்து போகிறது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் கழிவு கலந்ததால் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, லட்சக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டது நினைவிருக்கும்.

தேர்வில் எப்படி எழுதுவது?

'சலசலவென ஓடும் ஆறு' என்று தொடங்காதீர்கள். அது எந்த ஆற்றுக்கும் பொருந்தும். ஊர்ப் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். ஒரு பத்திக்கு ஓர் இடம், ஓர் ஆண்டு, ஒரு காரணம் போதும். 1784 என்று எழுதினால், 'ஈயத்துக்காக' என்ற காரணமும் சேர்ந்து வரவேண்டும். முடிவுரையில், வீட்டுப் பெரியவர் ஒருவர் இந்த ஆற்றைப் பற்றிச் சொன்ன ஒரு செய்தியைச் சேருங்கள். அதை இணையத்தில் எடுக்க முடியாது.

ஆசிரியர்களே, வகுப்பில் முதலில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: உங்கள் தாத்தா எந்தத் தோட்டம்? அங்கே தண்ணீர் எங்கிருந்து வந்தது? வெள்ளம் வந்தால் எங்கே ஓடினார்கள்?

என் மாணவன் இரண்டாவது முறை எழுதியபோது, பாட்டி ஆற்றில் துணி துவைத்த படித்துறையிலிருந்து தொடங்கினான். ரைன் நதியும் ஒரு வரியில் வந்தது, ஒப்பீட்டுக்காக.