பரணில் கிடக்கும் பழைய துப்பாக்கி: உதிரி பாகம் தேடும் முன்...

பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது, பரணிலிருந்து துருப்பிடித்த நீளத் துப்பாக்கி ஒன்று இறங்கும். பாட்டன் காலத்தில் காட்டுப்பன்றி விரட்டியது என்பார்கள். குதிரை உடைந்திருக்கும், அல்லது வில் ஒடிந்திருக்கும். ‘இதற்கு உதிரி பாகம் எங்கே கிடைக்கும்?’ என்பதுதான் அடுத்த கேள்வி. பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில், உள்ளே மருந்து இருக்கிறதா என்று தெரிய வேண்டும். இது வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு இடிக்கும் துப்பாக்கி. கெட்டித்த நிலையிலேயே மறந்துபோனவை உண்டு. கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் பல பத்தாண்டுகள் கழித்தும் வெடிக்கும். குழல் வாய்க்கு எதிரே யாரும் நிற்காமல், பக்கவாட்டில் இருந்தபடி மெல்லிய மரக்குச்சியை மெதுவாக உள்ளே விட்டு, வாய் விளிம்பில் அடையாளமிட்டு எடுங்கள். குச்சியைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்த்தால், அதன் நுனி பின்பக்கச் சிறு துளை வரை வர வேண்டும். முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. நோண்ட வேண்டாம், காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

குதிரையின் வாயில் தோல் சுற்றிய சக்கிமுக்கிக் கல் இருந்தால், அது தொப்பிக் கேப் வருவதற்கு முந்தைய வகை. விசையை இழுத்ததும் கல் எஃகுத் தகட்டில் உரசும். பொறி கிண்ணத்து மருந்தில் விழுந்து, துளை வழியே உள்ளே தீ பாயும். இதில் பெரும்பாலும் தேய்வதும் ஒடிவதும் கல், தகடு, வில், திருகாணி போன்றவைதான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இவற்றைப் புதிதாகச் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால், டிராக்டர் பேரிங் போல எண் சொல்லி வாங்கி மாட்ட முடியாது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பூட்டையும் கையால் அரம் போட்டுப் பொருத்தினார்கள். ஒன்றின் திருகாணி இன்னொன்றில் ஏறாது. தகட்டின் கடினம் சரியாக இல்லாவிட்டால் பொறியே வராது.

இதைவிடப் பெரிய சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான். வெளிநாட்டிலிருந்து தருவிக்க உரிமம் வேண்டும். பழுது பார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும். ஊர்க் கொல்லர் நல்ல எண்ணத்தில் ஒரு வில் அடித்துக் கொடுத்தாலும் வழக்கில் சிக்குவார். அதே சட்டத்தின் 45-ம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால், பழுது நீக்கினாலும் சுட முடியாத நிலையில் இருப்பவைக்குத்தான் அந்த விலக்கு. ஆக, ‘பாகம் போட்டால் சுடும்’ என்று தேடத் தொடங்கும்போதே அந்த விலக்கு கையை விட்டுப் போகிறது. இதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளாமல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், மாநகரம் என்றால் காவல் ஆணையர் அலுவலகத்தில், எழுத்து மூலம் கேட்பது நல்லது. தாத்தா பெயரில் உரிமம் இருந்து அவர் காலமாகியிருந்தால், துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர 13-ம் பிரிவில் இடமுண்டு. அதற்காக, உரிமம் கையில் இருந்தால் பன்றியைச் சுடலாம் என்று பொருள் அல்ல. காட்டுப்பன்றி 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. அதற்கு வனத்துறையின் அனுமதி தனி. இருநூறு ஆண்டுப் பழைய குழலில் மருந்து இடித்தால் பன்றிக்கு முன் சுடுபவரின் கைதான் போகும்.

சுட வேண்டாம், நினைவுக்கு இருக்கட்டும் என்பவர்கள் அனுமதி தெளிவான பிறகு எண்ணெய்த் துணியால் துடைத்து, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்க வேண்டாம். பூட்டுத் தகட்டில் இதய வடிவக் குறியோ சிங்கமோ ஆண்டோ பொறித்திருந்தால் அது கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்ததாக இருக்கலாம். துருவோடு சேர்த்துத் தேய்த்துவிட்டால் அந்த அடையாளமும் போய்விடும். நூறு ஆண்டு கடந்த தொல்பொருள் என்றால் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. நல்ல விலை தருவதாகச் சொல்லி வரும் இடைத்தரகரிடம் அதைக் கொடுத்துவிடாதீர்கள்.