இரண்டு சிலிண்டருக்கு ஓய்வு

"நாலு சிலிண்டர் கார் வாங்கினேன். பைபாஸில் போகும்போது இரண்டு சிலிண்டரில் ஓடுவதாக மீட்டர் காட்டுகிறதே, கோளாறா?" என்று கேட்டிருக்கிறார் வாசகர் ஒருவர்.

கோளாறு இல்லை. ஃபோக்ஸ்வாகன் டைகன், ஸ்கோடா குஷாக் கார்களின் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினில் இருக்கும் வசதிதான் இது. சமதளச் சாலையில் சீராகப் போகும்போது நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களுக்குப் பெட்ரோல் நின்றுவிடும், வால்வுகளும் மூடிக்கொள்ளும்.

அப்படியானால் மீதி இரண்டுக்கும் வேலை கூடுமே? கூடும். லாபமே அங்கேதான். பாரம் குறைவாக இருக்கும்போது பெட்ரோல் எஞ்சினின் த்ராட்டில் கொஞ்சமாகத்தான் திறந்திருக்கும். அந்த இடுக்கில் காற்றை இழுப்பது, நுனி நசுங்கிய ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது போல. இதிலேயே சக்தி வீணாகிறது. இரண்டு சிலிண்டர் மட்டும் உழைக்கும்போது அவற்றுக்குக் காற்று அதிகம் வேண்டும். த்ராட்டில் அகலத் திறக்கும். அந்த வீண்செலவு குறையும்.

ஓய்வெடுக்கும் பிஸ்டன்களும் மேலும் கீழும் போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன. உள்ளே அடைபட்ட காற்று அமுங்கும்போது வாங்கிய சக்தியை, விரியும்போது பெருமளவு திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வால்வை மூடாமல் பெட்ரோலை மட்டும் நிறுத்தினால் இந்த லாபம் கிடைக்காது.

இந்த யோசனையை அவசரப்பட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்தது காடிலாக். 1981-இல் வந்த அதன் 6 லிட்டர் 'வி8-6-4' எஞ்சின், தேவைக்கேற்ப 8, 6, 4 சிலிண்டர்களில் ஓடியது. எத்தனை ஓடுகின்றன என்பதை டாஷ்போர்டு எண்ணில் காட்டும். சொலினாய்டு இயங்கினால் ராக்கர் ஆர்ம் பிடிமானம் இழந்து, வால்வைத் திறக்காமல் சும்மா ஆடும். அருமையான அமைப்புதான், அன்றைய கம்ப்யூட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை. வண்டி குலுங்கியது. வெறுத்துப்போன பலர் ஒரு வயரைக் கழற்றிவிட்டு எப்போதும் எட்டு சிலிண்டரிலேயே ஓட்டினார்கள். அடுத்த ஆண்டே பெரும்பாலான மாடல்களிலிருந்து அது காணாமல் போனது.

2012-இல் ஃபோக்ஸ்வாகன் போலோ புளூ ஜிடியில் இதே மாற்றம் 13 முதல் 36 மில்லி செகண்டுக்குள் முடிந்தது. ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிப்பதும் உடனே பிரேக் அடிப்பதுமாக ஓட்டினால் எந்த கம்ப்யூட்டரும் உதவாது. நாலு சிலிண்டரும் பெட்ரோல் குடிக்கத்தான் செய்யும். ஊருக்குள்ளேயே நெரிசலில் ஓட்டுபவர்கள் இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. அடிக்கடி நெடுஞ்சாலையில், நிதானமாகப் போய்வருபவர்கள் தாராளமாக வாங்கலாம்.