சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கட்டை!

பனி மீது வழுக்கி ஓடி வானில் ஏறும் குட்டி விமானங்கள்

பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு தெரியும். தோப்பில் விழுந்து கிடக்கும் பாக்கு மட்டையை எடுப்பார்கள். ஒருவன் அதில் உட்காருவான். இன்னொருவன் ஓலையைப் பிடித்து இழுப்பான். மட்டை சர்ரென்று வழுக்கிக்கொண்டு போகும். சக்கரம் கிடையாது, ஆனாலும் வண்டி ஓடும்!

இதே வித்தையை விமானத்துக்குச் செய்தால் எப்படி இருக்கும்?

செய்கிறார்கள். கனடாவிலும், அமெரிக்காவின் வடக்குப் பகுதியிலும், நார்வே, சுவீடன் போன்ற நாடுகளிலும் குளிர்காலம் வந்தால் தரை தெரியாது. எங்கு பார்த்தாலும் வெள்ளை வெளேர் என்று பனி மூடிக் கிடக்கும். அந்தப் பனி மீது குட்டி விமானங்களை ஓட விட்டு, வானில் ஏற்றி, மறுபடியும் பனி மீதே இறக்குகிறார்கள். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வீட்டிலேயே செய்த சறுக்குக் கட்டைகளை மாட்டுகிறார்கள்.

பொம்மைதான், ஆனால்...

இவை சாவி கொடுத்தால் ஓடும் பொம்மைகள் அல்ல. இறக்கை உண்டு, வால் உண்டு, மோட்டார் உண்டு. உள்ளே ஒரு சிறு ரேடியோ பெட்டியும் உண்டு. தரையில் நிற்பவர் கையில் உள்ள பெட்டியின் குச்சியை அசைத்தால், வானில் விமானம் திரும்பும், ஏறும், இறங்கும்.

ரேடியோ அலையால் ஒரு பொருளை ஓட்டலாம் என்பதை 1898-ல் நியூயார்க் நகரில் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. அவர் ஓட்டியது ஒரு சிறு படகு. அந்த வித்தை குட்டி விமானத்துக்கும் வந்தது. 1930-களின் இறுதியில் அமெரிக்காவில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் இப்படி ஒரு விமானத்தைச் செய்து பறக்கவிட்டார்கள்.

ஒரு விமானத்தைச் செய்ய மாதக் கணக்கில் உழைப்பவர்கள் இருக்கிறார்கள். சேமித்த பணத்தையெல்லாம் அதில் போடுபவர்களும் உண்டு. தவறாக இறங்கினால் ஒரே நொடியில் எல்லாம் சுக்கு நூறு! அதனால்தான் பனியில் இறங்கும் கால்களைப் பற்றி இவ்வளவு கவலை.

சக்கரம் ஏன் உதவாது?

நம் உழவர்கள் வயலில் பரம்பு அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டின் கால் சேற்றில் புதைகிறது. ஆனால் பரம்புப் பலகை மேலே வழுக்கிக்கொண்டு போகிறது. ஆள் ஏறி நின்றாலும் புதைவதில்லை. காரணம் என்ன? பாரம் அகலமான இடத்தில் பரவுகிறது!

ஒரு கணக்குப் பார்ப்போம். குட்டி விமானத்தின் எடை 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சக்கரங்களும் தரையைத் தொடும் இடம் மொத்தம் 4 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 500 கிராம் பாரம் அழுத்தும். சக்கரம் பனியில் புதைந்துவிடும். விமானம் குப்புற விழும். முன்னால் சுழலும் விசிறி உடையும்.

இப்போது 30 சென்டிமீட்டர் நீளமும் 8 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரண்டு கட்டைகளை மாட்டுவோம். தரையைத் தொடும் இடம் 480 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 4 கிராம்தான்! விமானம் பூப்போல் பனி மீது நிற்கும்.

செய்வது எப்படி?

மெல்லிய ஒட்டுப் பலகை போதும். அதை நீளமாக அறுத்துக்கொள்கிறார்கள். முன்நுனியை நீரில் ஊற வைத்து அல்லது ஆவி காட்டி, மேல்நோக்கி வளைத்துக் கட்டி உலர விடுகிறார்கள். மாட்டு வண்டியின் நுகத்தைவிடச் சுலபமான வேலை! நுனி வளைந்திருந்தால்தான் கட்டை பனியைக் குத்தாமல் மேலே ஏறிப் போகும். சிலர் அலுமினியத் தகட்டிலும், பிளாஸ்டிக் பலகையிலும் செய்கிறார்கள்.

மரத்தில் செய்தால், நீர் இறங்காமல் வார்னீஷ் பூச வேண்டும். அடியில் மெழுகு தேய்த்தால் நன்றாக வழுக்கும். இறுகிய பனியில் கட்டை பக்கவாட்டில் நழுவும். அதைத் தடுக்க, அடியில் நெடுக ஒரு மெல்லிய சட்டத்தை ஒட்டுகிறார்கள்.

கட்டையின் ஏறக்குறைய நடுவில் ஒரு தாங்கி வைத்து, சக்கரம் இருந்த அச்சில் மாட்டுகிறார்கள். கட்டை ஊஞ்சல் பலகைபோல் முன்னும் பின்னும் கொஞ்சம் ஆட வேண்டும். அப்போதுதான் மேடு பள்ளத்தில் உடையாமல் போகும்.

உயிர் ரப்பரில் இருக்கிறது!

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. வானில் ஏறியதும் காற்று கட்டையை அடிக்கும். நுனி கீழே தொங்கிவிட்டால் காற்று அதை மேலும் கீழே அழுத்தும். விமானமும் மூக்கைக் கீழே சாய்த்துக்கொண்டு பாயும். பிறகு பிழைக்காது.

இதற்கு மருந்து ஒரு துண்டு ரப்பர்! கட்டையின் முன்நுனியில் ரப்பரையோ சுருள் கம்பியையோ கட்டி மேலே இழுத்து மாட்டுகிறார்கள். நுனி எப்போதும் சற்றுத் தூக்கியே இருக்கும். அளவுக்கு மீறித் தூக்காமல் இருக்க, கட்டைக்கு ஒரு கயிற்றையும் கட்டிவிடுகிறார்கள். ரப்பர் இழுக்கிறது, கயிறு நிறுத்துகிறது. மனிதர்கள் பயணம் செய்யும் பெரிய விமானங்களின் சறுக்குக் கட்டைகளுக்கும் இதே காப்புதான்.

ஒட்டிக்கொண்ட விமானம்

சறுக்குக் கட்டைக்குக் கெட்ட குணம் ஒன்று உண்டு. ஓடும்போது உராய்வினால் அடியில் உள்ள பனி கொஞ்சம் உருகும். நின்றதும் அந்த நீர் மீண்டும் உறையும். கட்டை பனியோடு ஒட்டிக்கொள்ளும்!

1956 அக்டோபர் 31-ந் தேதி இது நடந்தது. அமெரிக்கக் கடற்படைத் தளபதி டூஃபெக் ஒரு டக்கோட்டா விமானத்தில் தென் துருவத்தில் இறங்கினார். அங்கே விமானம் இறங்கியது அதுவே முதல் தடவை. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 50 டிகிரி. சுமார் 49 நிமிடம் தங்கிவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். விமானம் அசையவில்லை. கட்டைகள் உறைந்து ஒட்டிக்கொண்டன!

விமானத்தில் 15 ராக்கெட் குழாய்கள் பொருத்தியிருந்தார்கள். அவற்றைக் கொளுத்தியதும் விமானம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. ராக்கெட் இல்லாவிட்டால் அத்தனை பேர் கதி என்ன?

உயிர் காத்த கட்டை

சுவிட்சர்லாந்தில் ஹெர்மன் கெய்கர் என்ற விமானி இருந்தார். 1952-ல் சறுக்குக் கட்டை பொருத்திய சிறு விமானத்தை ஆல்ப்ஸ் மலையின் பனியாற்றின் மீது இறக்கினார். அடுத்த ஆண்டுகளில், மலையில் விழுந்து அடிபட்ட நூற்றுக்கணக்கானோரை அவர் காப்பாற்றினார். ஏறும் சரிவில் இறங்குவார். இறங்கும் சரிவில் ஓடிக் கிளம்புவார்.

1960-ல் இமயமலையில் தவுளகிரிச் சிகரம் ஏறச் சென்ற குழுவினர் 'எட்டி' என்ற சறுக்குக் கட்டை விமானத்தைக் கொண்டுசென்றார்கள். சுமார் 5,700 மீட்டர் உயரத்தில், பனி மீது அது ஆட்களையும் மூட்டைகளையும் இறக்கியது. நம் தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்! பின்னர் அந்த விமானம் நொறுங்கியது. விமானிகள் உயிர் தப்பினார்கள். அந்த ஆண்டு மே 13-ந் தேதி குழுவினர் சிகரத்தைத் தொட்டார்கள்.

குளிரின் குறும்பு

குட்டி விமானம் விடுபவர்களுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. குளிரில் பாட்டரியின் சக்தி குறையும். அதனால் பறக்கவிடும் வரை பாட்டரியைச் சட்டைக்குள் வைத்து வெதுவெதுப்பாக வைத்துக்கொள்கிறார்கள். விரல் விறைத்தால் குச்சியை அசைக்க முடியாது. கைப்பெட்டியையும் கைகளையும் சேர்த்து மூட ஒரு பை தைத்துக்கொள்கிறார்கள்.

விமானத்துக்கு வெள்ளை வர்ணம் பூசவே கூடாது. வெள்ளைப் பனியில் விழுந்தால் தேடியும் கிடைக்காது. சிவப்பும் ஆரஞ்சும்தான் நல்லது.

பொள்ளாச்சியில் முடியுமா?

இங்கே பனிப்பொழிவு இல்லை. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விழும் உறைபனியோ, புல் மீது படியும் மெல்லிய வெள்ளைப் படலம்தான். ஆனால் ஒரு வழி இருக்கிறது. சறுக்குக் கட்டை ஈரப் புல் மீதும் வழுக்கும்! மழை பெய்து ஓய்ந்த காலையில், குட்டையான புல் தரையில் சோதித்துப் பார்க்கலாம்.

அதிலும் கவனம் வேண்டும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று குட்டி விமானத்தை விடாது. கோவை விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம் போன்ற இடங்களைச் சுற்றிப் பறக்கவிடத் தடை உண்டு. 2021-ம் ஆண்டின் ட்ரோன் விதிகளைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். ஆட்கள், மின்கம்பிகள் பக்கம் போகவே கூடாது.

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்யக் கற்றுத் தருகிறார்கள். ஆர்வம் உள்ள பிள்ளைகள் அங்கே தொடங்கலாம். ஒரு பலகை, ஒரு துண்டு ரப்பர், ஒரு முழம் கயிறு: இவற்றைச் சரியாகக் கட்டத் தெரிந்தவன் நாளைக்குப் பெரிய விமானத்துக்கும் கால் செய்வான்!