வெள்ளைச் சுவரில் நம்மவர் கைவண்ணம்

ஆங்கிலேயர் பாணிப் பேராலயம் பார்க்க இங்கிலாந்துக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு சிங்கப்பூர் சென்றால், தேக்காவில் சாமான் வாங்கியதோடு திரும்பிவிடாதீர்கள். எம்.ஆர்.டி. ரயிலேறி 'சிட்டி ஹால்' நிலையத்தில் இறங்குங்கள். அருகிலேயே வெள்ளை வெளேரென்று நிற்கிறது செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம்.

1856இல் அடிக்கல் நாட்டி, 1861இல் முதல் வழிபாடு நடந்த இதைக் கட்டியவர்கள் யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள்! சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டுக் குழைத்துப் பூசினார்கள். காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். 'மெட்ராஸ் சுண்ணம்' என்று இதற்குப் பெயர்.

வரைபடம் போட்ட மெக்பெர்சன் பெயர் ஏட்டில் இருக்கிறது. கலவை குழைத்தவர்களின் பெயரை யார் அறிவார்? காடழித்து ரப்பர் நட்ட நம் பாட்டன் பாட்டிமார் கதையும் அதுதானே!

மாலையில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் காற்று வாங்கலாம். கூடாரமடித்துத் தங்குவதென்றால் முன் அனுமதி வேண்டும். அங்கே உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். உங்கள் தோட்டத்துக் கதையையும் சொல்லுங்கள். வீடு திரும்பியதும், தாத்தா பாட்டியின் பெயர்களைப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும்.