மாட்டாஸ்பத்திரி யாருக்குச் சொந்தம்?

பத்தாம் வகுப்பு மாணவி

'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் அது இன்றும் உண்மையே. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கங்களிலிருந்து வரும் எங்களில் சிலருக்குப் பள்ளிக் கட்டணமும் சீருடையும் பால் பணத்தில்தான் கிடைக்கின்றன. கறவை மாடு ஒன்று மடிநோயில் விழுந்தால் அந்த வீட்டின் கணக்குப் புத்தகமே தலைகீழாகிவிடும். நகரத்திலோ இப்போது தெருவுக்குத் தெரு நாய் வளர்க்கிறார்கள். நாய், பூனைகளுக்கான தனியார் மருத்துவமனைகளின் பெயர்ப் பலகைகளும் பெருகி வருகின்றன. பலகையை மாட்டியவர் மருத்துவர்தானா, அவர் மருத்துவராகத்தான் இருக்க வேண்டுமா? இதற்குச் சட்டம் கூறும் விடையை எங்களுக்குத் தெரிந்த அளவில் இங்கே விளக்க முயல்கிறோம்.

சட்டம் பிறந்த கதை

சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்தது. நமக்கு அருகில் தேனியிலும் இப்போது ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. பட்டம் பெறப் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் படிக்க வேண்டும்.

ஆயினும், இவ்வாறு படித்தவர்கள் மட்டுமே வைத்தியம் பார்க்கலாம் என்று நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு சட்டம் நெடுங்காலம் இல்லை. நம் அரசியலமைப்பின்படி கால்நடை மருத்துவம் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ள பொருள். மாநிலங்கள் கேட்டுக்கொண்டால்தான் பாராளுமன்றம் அதைப்பற்றிச் சட்டம் இயற்றலாம். அவ்வாறு சில மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டதன்பேரில், 1984-இல் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டம் பிறந்தது. பின்னர் மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டன. தமிழ்நாட்டிலும் இச்சட்டப்படி மாநிலக் கால்நடை மருத்துவக் கழகம் இயங்குகிறது. கழகத்தின் பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் கால்நடை மருத்துவர். பட்டம் மட்டும் இருந்து பதிவு இல்லையென்றாலும் அவர் வைத்தியம் பார்க்க இயலாது.

பதிவு பெற்றவருக்கு மட்டுமே உரியவை

இச்சட்டத்தின் 30-ஆவது பிரிவு நான்கு உரிமைகளைப் பதிவு பெற்ற மருத்துவருக்கே ஒதுக்குகிறது. அரசிலும் உள்ளாட்சி நிறுவனங்களிலும் கால்நடை மருத்துவர் பதவி வகிப்பது முதலாவது. கால்நடைகளுக்கு மருத்துவம் செய்வது இரண்டாவது. மருத்துவச் சான்றிதழில் கையொப்பம் இடுவது மூன்றாவது. நீதிமன்றத்தில் கால்நடை மருத்துவ வல்லுநராகச் சாட்சி சொல்வது நான்காவது.

மூன்றாவது உரிமையை நம் ஊரார் தைமாதத்தில் கண்ணாரக் காணலாம். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசலுக்கு வரும் காளைக்கு உடல் தகுதிச் சான்று வேண்டும். எத்தனை பெரிய மாட்டுக்காரராக இருந்தாலும் அந்தச் சான்றில் அவரே கையெழுத்துப் போட்டுக்கொள்ள முடியாது.

இரண்டாவது உரிமைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தடுப்பூசி போடுதல், காயத்துக்குக் கட்டுப் போடுதல், காயடித்தல் போன்ற சிறு உதவிகளைக் கால்நடைத் துறையின் சான்றிதழ் பெற்ற உதவியாளர்கள் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம். ஆனால் அவர்கள் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

சொந்தக்காரர் யார்?

இனி நம் கேள்விக்கு வருவோம். வைத்தியம் பார்ப்பவர் யார் என்று இவ்வளவு கண்டிப்பாகக் கேட்கும் இச்சட்டம், மருத்துவமனையின் சொந்தக்காரர் மருத்துவராக இருக்க வேண்டும் என்று எங்கும் கூறவில்லை. மூன்று எடுத்துக்காட்டுகளால் இதை விளக்குவோம்.

முதலாவதாக, நாய்களிடம் அன்புள்ள ஒரு வியாபாரி. அண்ணா நகரில் கட்டடம் பிடித்து, கருவிகள் வாங்கி, ஒரு மருத்துவரைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறார். இதற்குத் தடையில்லை. ஆனால் மருத்துவர் விடுமுறையில் இருக்கும் நாளில் வியாபாரியே ஊசியைக் கையில் எடுத்தால் அது குற்றம்.

இரண்டாவதாக, ஒரு கால்நடை மருத்துவர் இறந்துவிடுகிறார். அவருடைய மனைவி பட்டம் பெறாதவர். கட்டடமும் கருவிகளும் அவருக்குச் சொத்தாக வந்து சேரும். அவர் வேறொரு பதிவு பெற்ற மருத்துவரை வைத்து மருத்துவமனையைத் தொடர்ந்து நடத்தலாம். கணவரின் பதிவு மட்டும் மனைவிக்கு வந்து சேராது. சொத்துக்கு வாரிசு உண்டு. கல்விக்கு வாரிசு இல்லை.

மூன்றாவதாக, இருபது ஆண்டுகள் மருத்துவருக்குக் கம்பவுண்டராக இருந்தவர். கைராசிக்காரர் என்று ஊரார் புகழ்கிறார்கள். அவர் சொந்தமாகக் கட்டடம் எழுப்பி வாடகைக்கு விடலாம். ஆனால் தம் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று எழுதித் தாமும் பதிவு பெற்றவர்போல் காட்டிக்கொண்டால் தண்டனை உண்டு.

மருந்துக் கடைகளின் நிலைமையும் ஏறக்குறைய இதுவே. கடை யார் பெயரிலும் இருக்கலாம். ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை எடுத்துத் தருவது பதிவு பெற்ற மருந்தாளுநரின் பொறுப்பு.

இதில் என்ன ஆபத்து?

'தகுதியான மருத்துவர் இருந்தால் போதாதா, முதலாளி யாராக இருந்தால் என்ன?' என்று தோழியர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சம்பளம் கொடுப்பவர், 'இந்த மாதம் மருந்து விற்பனை குறைந்துவிட்டது, இன்னும் இரண்டு ஊசி சேர்த்து எழுதுங்கள்' என்று சொன்னால் மருத்துவர் என்ன செய்வார்? தவறு நடந்தால் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுவது மருத்துவரின் பெயர். முதலாளியின் பெயர்தான் பதிவேட்டிலேயே இல்லையே! 1992-இல் வகுக்கப்பட்ட தொழில் ஒழுக்க விதிகளும் மருத்துவரையே கட்டுப்படுத்துகின்றன.

வெளிநாடுகளும் இதே கேள்வியோடு போராடி வருகின்றன. இங்கிலாந்தில் 1999 முதல் மருத்துவர் அல்லாதவர்களும் கால்நடை மருத்துவமனைகளை நடத்தலாம் என்றாயிற்று. 2013-இல் நூற்றுக்குப் பத்து மருத்துவமனைகளே பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தன. பத்தே ஆண்டுகளில் அது ஏறத்தாழ அறுபது ஆகிவிட்டது. கட்டண உயர்வைப் பற்றி மக்கள் முறையிட, அந்நாட்டு அரசின் போட்டி ஆணையம் 2023-இல் ஆராயத் தொடங்கியது. ஆஸ்திரியா நாடு இதற்கு நேர்மாறாக, கால்நடை மருத்துவ நிறுவனங்களின் பங்குகள் மருத்துவர்களிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்றது. அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை என்று 2019-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதவை முழுவதும் திறந்தாலும் தொல்லை, முழுவதும் அடைத்தாலும் தொல்லை என்பதே இவற்றால் நாம் அறியும் பாடம்.

தகுதியற்ற கை தொட்டால்

நம் கிராமங்களில் இருக்கும் கவலை வேறு. அங்கே பெரும்பாலான கால்நடை மருந்தகங்கள் அரசுக்குச் சொந்தம். ஆகவே முதலாளி என்ற பேச்சு எழுவதில்லை. ஆனால் நள்ளிரவில் கன்று ஈன முடியாமல் பசு துடிக்கும்போது, பக்கத்துத் தெருவில் இருக்கும் 'ஊசி போடுபவர்' தான் ஓடி வருகிறார். அவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் அந்நேரத்தில் மருத்துவர் கிடைக்காத குறையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1962 என்னும் எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசி செய்தால் நடமாடும் மருத்துவ வண்டியை வரவழைக்கும் ஏற்பாடு இக்குறையைத் தீர்க்கவே வந்தது. இதை அறியாத வீடுகள் இன்னும் பல.

தவறான மருந்தின் தீமை ஒரு தொழுவத்தோடு நிற்பதில்லை. மாடுகளுக்கு வலி தீரப் போட்ட டைக்குளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. நாடெங்கும் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தருவது தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதருக்கென்று விற்ற பெரிய குப்பிகள் மாட்டுத் தொழுவத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. எனவே 2015-இல் அப்பெரிய குப்பிகளுக்கும் தடை வந்தது. அதுபோலவே, கிருமிக்கொல்லி ஊசி போட்ட மாட்டின் பாலைக் குறிப்பிட்ட நாட்கள் வரை விற்கக் கூடாது. எத்தனை நாள் என்பதை மருந்தை அறிந்தவரே கூற முடியும். இல்லையேல் அப்பால் நம் வீட்டுக் குழந்தையின் டம்ளருக்கு வந்து சேரும்.

நாம் செய்ய வேண்டியது

பெற்றோர்களே, தோழியரே! மருத்துவமனை யாருக்குச் சொந்தம் என்பதைச் சட்டம் கேட்கவில்லையாதலால், நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மிகுகின்றன. சிகிச்சை செய்பவரின் பதிவு எண் என்ன? கொடுத்த மருந்தின் பெயரை எழுதித் தருவாரா? பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? மரியாதையோடு கேட்டால் நல்ல மருத்துவர் எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மனிதர் நோயுற்றால், 'இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று வாய்விட்டுச் சொல்ல முடியும். வாயில்லா ஜீவனால் அது முடியாது. அதன் சார்பில் கேட்பதற்கு அதை வளர்க்கும் நம்மைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? எங்களில் சிலர் நாளை கால்நடை மருத்துவம் படித்து அப்பதிவேட்டில் பெயர் பெற விரும்புகிறோம். அதுவரை பதிவு எண்ணைக் கேட்டறியும் பழக்கத்தையாவது எங்கள் வீடுகளில் தொடங்கி வைப்போம்.